மழைக் கழிவு இரண்டு கிலோ

எல்லைக் கல்லூரியின் பெண்கள் அணி வடத்தைப் பிடித்து இழுக்கும் நேரத்தில், முன்பு அந்த அணியில் இழுத்த ஏழு பெண்களுக்கு உடம்பின் எடை குறைந்துவிடும். இது 2005ஆம் வருடம் ஓணத்துக்கு மறுநாள் பிற்பகலில் தொடங்கியது. அன்று கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தேங்காய் நாலரை ரூபாய்க்குப் போனது. பொள்ளாச்சி பஸ் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்த கற்பகம், துவைத்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள், மூச்சே வாங்கவில்லை. பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த ராமலட்சுமி புருஷனின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகும் அவன் 'ஏறு, ஏறு' என்று இரண்டு தடவை அதட்டினான். சின்னக்கானல் எஸ்டேட்டில் இருந்த சுருளியம்மாளைப் பிறகு விசாரித்தபோது அவளும் 'லேசாத்தான் இருந்துச்சு' என்றாள். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவள் அப்படிச் சொன்னாள் என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

அதே பிற்பகலில் ஒற்றப்பாலம் பக்கத்து மைதானம் ஒன்றில் கல்லூரியின் புது அணி, முந்தைய வருடம் கோப்பை வாங்கியவர்களைப் பதினோரு நொடியில் இழுத்துப் போட்டது. வடம்வலி என்றால் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வாத்தியார்கள் இழுத்து விழுந்து சிரிக்கும் கயிறு அல்ல. பக்கத்துக்கு ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து எடை நானூற்றிருபது கிலோவைத் தாண்டக் கூடாது. காலையிலேயே நிறுத்துப் பார்த்துக் கையில் முத்திரை குத்திவிடுவார்கள். எதிரணியை நான்கு மீட்டர் இழுத்துவிட்டால் ஒரு சுற்று, மூன்றில் இரண்டு சுற்று எடுத்தால் வெற்றி. பரிசு ஒரு கிடாயும், ஆள் உயரத்துக்கு ஒரு நேந்திர வாழைக் குலையும். தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ஒல்லிக் குச்சிப் பெண்களிடம் அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது, மறுபடி நிறுத்துக் காட்டு என்றார்கள். நிறுத்தார்கள், நானூற்றுப் பதினெட்டுதான். பூட்ஸைக் கழற்றி ஈயக் கட்டி இருக்கிறதா என்று உதறிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் ஆணி அடித்து வைத்திருக்கிறார்களோ என்று குதிகால் பதிந்த குழிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. குழி மட்டும் முழங்கால் ஆழம் இருந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. மற்றக் கல்லூரிகளில் பழைய ஆட்டக்காரிகள் அணிக்குப் பனியனும் பூட்ஸும் முட்டையும் வாங்கிக் கொடுப்பார்கள். இவர்கள் அதோடு எடையையும் கொடுத்தார்கள். யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை. பயிற்சி கொடுக்கும் பவுல்ராஜ் சார் மட்டும் 'பின்னால யாரோ இருக்காப்ல இருக்குன்னு பிள்ளைங்க சொல்லுது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்' என்றார். ஒரு வருடம் கற்பகம் ஆசைப்பட்டு மைதானத்துக்கே போனாள். காற்று அவளைத் தூக்கிப் பந்தல் மூங்கிலில் சாய்த்துவிட, நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றோடு பழைய ஆட்டக்காரிகள் யாரும் மைதானத்துக்குப் போகக் கூடாது என்று முடிவானது. கையில் நல்ல போன் வந்த காலத்தில் ஏழு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டார்கள். இழுக்கும் நேரத்தில் அவரவர் தராசில் ஏறி அதைப் படம் எடுத்துப் போட வேண்டும். கற்பகம் மூன்று கிலோ, ராமலட்சுமி நான்கு, மற்ற மூவரும் இரண்டு இரண்டரை என்று குறைந்து நின்றார்கள். கொரோனா இரண்டு வருடமும் போட்டி இல்லாததால் எல்லாரும் முழு எடையோடு வீட்டில் கிடந்தார்கள்.

படம் போடச் சொல்லிச் சட்டம் போட்டவள் சுருளியம்மாள். அவளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது, தராசுமேல்தான் நம்பிக்கை. அவள் பிழைப்பே அது. பி.காம். படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல், சின்னக்கானலில் எட்டாம் நம்பர் காட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடும் ஆளாக இருந்தாள். மூன்று காலில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் கொக்கித் தராசு தொங்கும். பெண்கள் ஒவ்வொருத்தராகச் சாக்கை மாட்டுவார்கள். இவள் எடையை உரக்க வாசிப்பாள். ஆனி மாதம் மழை பிடித்ததும் தராசின் ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டால், ஐப்பசி முடிந்து மறுபடி அமுக்கும்வரை எந்த எடையிலும் இரண்டு கிலோ தானாகக் கழிந்துதான் காட்டும். இலையில் இருக்கும் ஈரத்துக்கும் சாக்குக்கும் சேர்த்து எஸ்டேட் வைத்திருந்த மழைக் கழிவு அது. அந்த இரண்டு கிலோ யார் வயிற்றுக்குள் போகிறது என்று கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அதை அவள் காதுபடவே பேசுவார்கள். அவளோ அந்தப் பெண்கள் சாக்குக்கு அடியில் கல் வைக்கிறார்களா என்று தினமும் கைவிட்டுத் துழாவுவாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு கல் கிடைத்தது, அதுவும் தவறி விழுந்த கூழாங்கல். துழாவுவதை அவள் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுருளியம்மாள் எதிலும் சாய்ந்து உட்கார மாட்டாள். பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனாலும் முதுகு சீட்டில் படாது. நாற்காலியில் உட்கார்ந்தால் நுனியில்தான். கட்டிலில்கூட ஒருக்களித்துத்தான் படுப்பாள், அதுவும் சுவரைப் பார்த்து அல்ல. இது 2004ஆம் வருட இறுதிப் போட்டியிலிருந்து வந்த பழக்கம். அன்று அவள் வடத்தில் ஆறாம் இடம். ஏழாவதாக, வடத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நின்றவள் கொழிஞ்சாம்பாறைக் கிருத்திகா, ஐம்பது ஏக்கர் தென்னந்தோப்புக்காரர் மகள். 'பின்னால இருக்கிறவ மேல படுத்துக்கணும், திரும்பிப் பாத்தா தோத்தோம்' என்பதுதான் பவுல்ராஜ் சார் மூன்று வருடமும் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை. மூன்றாவது சுற்றில், வெற்றிக்கு இரண்டு கை தூரம் இருக்கும்போது, சுருளியம்மாளுக்குப் பின்னால் வடம் தளர்ந்தது. அவள் வெறுங்காற்றில் மல்லாந்து விழுந்தாள். ஏழு பேரும் மண்ணில் இழுபட்டுப் போனார்கள். எதிரணியில் இழுத்த ஒருத்திக்கு அர்த்தநாரி என்று ஓர் அண்ணன். அடுத்த இரண்டாம் மாதம் கிருத்திகாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் நடந்தது. சுருளியம்மாள் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள், மாப்பிள்ளை பெயரைப் பார்த்தாள், அதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் வைத்துக்கொண்ட கேள்விக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

கடந்த மூன்று வருடமாக அணி தோற்றுக்கொண்டிருந்தது. பெரிய தோல்வி இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாண், அரைச் சாண். ஆனால் கல்லூரி நிர்வாகத்துக்குச் சாணும் ஒன்றுதான் மைலும் ஒன்றுதான். போன ஆடியில் கடிதம் வந்தது: வரும் ஓணப் போட்டியில் இறுதிக்குப் போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள், அதற்காக ஒதுக்கியிருந்த ஏழு விளையாட்டு இடங்களும் ரத்து, இப்போது படிப்பவர்களுக்கு ஹாஸ்டலும் கிடையாது. அந்த ஏழு பேரில் ஒருத்தி சுருளியம்மாளின் மகள் வினோ. இரண்டாம் வருடம் படிக்கிறாள், அம்மா நின்ற அதே ஆறாம் இடத்தில் இழுக்கிறாள். இடம் போனால் அவள் எங்கே வருவாள் என்பது சுருளியம்மாளுக்குத் தெரியும். நனையாமல் இருக்கச் சுற்றும் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் காட்டில் வரிசையில் நிற்பாள். அவள் சாக்கை மாட்டுவாள், பெற்றவளே இரண்டு கிலோ கழித்து எடையை வாசிக்க வேண்டும். 

ஆகவே, எடையில் யாரோ குறைக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். ஒவ்வொருத்தராக எடுத்து அலசினாள். கற்பகம் தராசில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாளா என்று வீடியோ கேட்டு வாங்கிப் பார்த்தாள். ராமலட்சுமி வீட்டுத் தராசு வாங்கிய ரசீதைக் கேட்டாள். தான் இரண்டு கிலோ கொடுப்பதில் சந்தேகமே இல்லை: கோடையில் ஏறிப் பார்த்தால் அறுபத்தொன்று, மேட்ச் நாளில் அதே கொழுந்துத் தராசில் தொங்கிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது. எட்டு வருடமாக அப்படித்தான், கிராம் பிசகவில்லை. மீதி இருந்தது கிருத்திகா. அவள் ஒருத்திதான் ஒரு தடவைகூடப் படம் போட்டதில்லை. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் 'குடுத்தாச்சு' என்று ஒற்றைச் சொல், அவ்வளவுதான். பணக்கார வீட்டில் ஒரு தராசு இல்லையா? அன்றைக்கு வடத்தை விட்டவள் இன்றைக்கு எடையைக் கொடுப்பாளா? சந்தேகம் என்று வந்துவிட்டால் அதற்குச் சோறு போட வேண்டியதில்லை, தானாகவே வளரும்.

அரையிறுதி பள்ளிவாசலுக்குக் கீழே ஒரு மைதானத்தில். மகள் இழுக்கப்போகும் இடம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்க, சுருளியம்மாள் விடிகாலையில் ஜீப் பிடித்து மூணாறு வந்து, எதிர்த்திசையில் உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏறினாள். கைப்பையில் ஸ்டோரில் இருந்து கேட்டு வாங்கிய புதுக் கொக்கித் தராசும், ஒரு காலிச் சாக்கும், கொஞ்சம் கயிறும் இருந்தன. மறையூர் தாண்டும்போது வினோ போன் செய்தாள்.

"எங்கம்மா இருக்க? சத்தமா கேக்குது."

"ஒரு சோலியா போறேன். நீ நல்லா இழு."

"நாங்க இழுத்துருவோம். நீங்கல்லாம் சரியாக் குடுங்க, அது போதும்."

"நான் குடுக்கத்தான் செய்றேன். குடுக்காதவளப் பாக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். சீட்டில் முதுகு படாமல் சின்னாறு வழியாக மலை இறங்கி, உடுமலையில் பஸ் மாறி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, மழை வாசமே இல்லாத வெயிலில் கொழிஞ்சாம்பாறையில் இறங்கியபோது மணி இரண்டரை. மேட்ச் மூன்று மணிக்கு.

கிருத்திகா அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். தோப்புக்கு நடுவில் இருந்த ஓட்டு வீட்டு வாசலில் கிருத்திகாவின் மாமியார் மருதாத்தாள் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். மலையில் இருந்து வந்தவள் என்று பெயரைக் கேட்டதுமே தெரிந்துகொண்டார்.

"வா அம்மிணி. வெயில்ல இப்படியா நடந்து வருவ? கிருத்திகா மேல இருக்கறா."

வீட்டுக்கு மாடி இல்லை என்பதைச் சுருளியம்மாள் வெளியிலேயே பார்த்திருந்தாள். ஒளிந்துகொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி உள்ளே போனாள்.

கிருத்திகா மேலேதான் இருந்தாள். உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில், முதுகு ஓட்டைத் தொட, முகம் தரையைப் பார்க்க மிதந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கன்றுக்குட்டியைக் கட்டும் தும்புக் கயிறு. அதன் மறுமுனை அரிசி மூட்டையில் கட்டியிருந்தது. மேலே போன நேரத்தை வீணாக்காமல் ஒரு துணியால் உத்தரத்தில் ஒட்டடை துடைத்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் அணி பயிற்சிக்காக வடத்தைத் தொட்டிருக்கும் போலிருக்கிறது, அதற்கே இவ்வளவு.

"ஏ சுருளி! நீயா புள்ள? அத்தை, தும்பைச் சித்த இழுங்க, கீழ எறக்கி உடுங்க."

மருதாத்தாள் வந்து, கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர் போல நிதானமாகக் கயிற்றை இழுத்தார். கிருத்திகா இறங்கி வந்தாள். அவளை நிற்க வைக்க முடியாது என்பதால் அம்மிக்கல்லின்மேல் உட்காரவைத்து, மடியில் ஆட்டுக்குழவியை வைத்தார். இதையெல்லாம் ஆயிரம் தடவை செய்த கை என்று பார்த்தாலே தெரிந்தது. சுருளியம்மாள் பையைக் கீழே வைக்காமலே நின்றாள். கைப்பையில் இருந்த தராசு கனத்தது.

"எத்தன வருசமாடி இப்படி?"

"கண்ணாலம் ஆன மறு வருசத்துல இருந்தே. எனக்கு அறுபத்தெட்டும் போயிருது. ஊட்டுக்காரரு மொதல்ல பயந்துட்டாரு, இப்ப மேச்சு நாள்னா அவரே தும்பெடுத்து வெச்சுட்டுத்தான் தோப்புக்குப் போவாரு."

"அப்பறம் ஏண்டி போட்டோ போடல?"

"தராசுல ஏறி நின்னாத்தானே போட்டோ? நிக்க முடியோணுமல்ல. அதுவுமில்லாம எல்லாரும் ரெண்டு, மூணுன்னு போடறப்ப நான் அறுபத்தெட்டுன்னு போட்டா, பாரு பணக்காரி பவுசு காட்டறான்னு நீயே சொல்லுவ."

சொல்லியிருப்பாள்தான். சுருளியம்மாள் மறுக்கவில்லை. அவள் இருபத்தொரு வருடமாகச் சுமந்துகொண்டிருந்த கேள்வியை, நின்ற நிலையிலேயே, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கு வடத்த விட்டியா, இல்லையா?"

கிருத்திகா சேலைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். இடது காறை எலும்பு நடுவில் முடிச்சு விழுந்த கயிறு மாதிரி புடைத்துக் கோணலாகச் சேர்ந்திருந்தது. "நான் எங்க விட்டேன். உள்ளார டப்புன்னு ஒரு சத்தம். அப்பறம் கை எங்க இருக்குதுன்னே தெரியல. கண்ணாலம் பேசி முடிச்சிருந்தாங்க. எலும்பு ஒடஞ்ச புள்ளைன்னு தெரிஞ்சா நின்னு போயிருமுன்னு எங்கம்மா வாயத் தொறக்க உடல. ஒத்தடம் குடுத்தே ஒட்ட வெச்சுது." மாமியார் நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்து அவள் பேச்சை நிறுத்தினாள்.

"இதென்ன பெரிய ரகசியமா" என்றார் மருதாத்தாள். "ஒத்தக் கையில வெங்காயம் அரிஞ்சவள மறாநாளே எனக்குத் தெரியாதா? மாவாட்டற வேலைய நான் ஏன் ஒரு வருசம் உன்ற கையில குடுக்கல, நெனச்சுப் பாரு." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மோர் எடுக்கப் போனார்.

சுருளியம்மாள் அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடம் வளர்த்த சந்தேகத்தை ஒரு எலும்பு இப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டதே என்ற எரிச்சல். அதற்குள் போனில் யூடியூப் நேரலை ஆரம்பித்துவிட்டது. வர்ணனையாளர் மலையாளத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். முதல் சுற்றை எல்லைக் கல்லூரி எடுத்தது. இரண்டாவது சுற்றில் ஒரு சாணில் தோற்றது. அதே ஒரு சாண். கிருத்திகா அறுபத்தெட்டு, கற்பகம் மூன்று, ராமலட்சுமி நான்கு, மற்ற மூவர் ஏழு, தன்னுடையது இரண்டு. எல்லாம் போய்ச் சேர்ந்தும் ஒரு சாண் எங்கே போகிறது என்று அவள் முணுமுணுத்தாள்.

"தராசு கொண்டாந்திருக்கியல்ல. நீயும் ஒருக்கா ஏறிப் பாரு அம்மிணி" என்றார் மோர்ச் சொம்போடு வந்த மருதாத்தாள். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. தராசு இருந்தால் நிறுத்துப் பார்ப்பதுதானே என்ற நினைப்பில் சொன்னார்.

சுருளியம்மாள் உத்தரத்தில் கயிற்றைப் போட்டுத் தராசைத் தொங்கவிட்டாள், சாக்கைத் தொட்டில் மாதிரி மாட்டி அதில் ஏறி உட்கார்ந்தாள். எஸ்டேட்டில் மேட்ச் நாளில் செய்வது போலவேதான். போனில் மூன்றாவது சுற்றுக்கு இரண்டு அணியும் வடத்தைக் கையில் எடுத்தன. அம்மிமேல் இருந்த கிருத்திகா குழவியோடு சேர்ந்து ஒரு விரற்கடை மேலே எழும்பினாள். சுருளியம்மாளின் தராசு அறுபத்தொன்று காட்டியது. புதுத் தராசு, பழுதாக இருக்கும் என்று ஓரத்தைத் தட்டினாள். அறுபத்தொன்று. பழக்க தோஷத்தில் விரல் பொத்தானுக்குப் போய் அமுக்கியது. ஐம்பத்தொன்பது. மறுபடி அமுக்கினாள். அறுபத்தொன்று.

அப்போது அவளுக்கு விளங்கியது. ஓணம் மழைக்காலத்தில் வருகிறது. மழைக்காலம் முழுக்க அவள் தராசில் பொத்தான் அமுங்கித்தான் இருக்கும். சாக்குக்கான ஈரக் கழிவைத்தான் எட்டு வருடமாகப் படம் எடுத்து, தன் கொடை என்று போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடம்பிலிருந்து ஒரு கிராம்கூடப் போகவில்லை. அதற்கு முந்தைய வருடங்களிலும் போயிருக்காது. மற்ற அணிகள் தேறி வரும்வரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். கற்பகத்தின் வீடியோவையும் ராமலட்சுமியின் ரசீதையும் நினைத்துக்கொண்டாள்.  பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் முழு எடையோடு அந்தரத்தில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தாண்டி" என்றாள். "கொறையிறது நான்தான்."

 போனில் நடுவர் 'புல்' என்று இழுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. ஆறாம் இடத்தில் வினோவின் முகம் நீலம் பாய்ந்திருந்தது. அவள் குதிகால் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒவ்வோர் அங்குலமாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் போய்விட்டது. சுருளியம்மாள் மூச்சைப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், எஸ்டேட்டில் செய்வது போல வடத்தையே நினைத்துப் பார்த்தாள். அறுபத்தொன்று. ஒன்றரை மீட்டர். கல்லூரி, ஹாஸ்டல், இடுப்பில் படங்கோடு வரிசையில் நிற்கும் மகள், எல்லாம் அந்தச் சின்னத் திரையில் முன்னால் சறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு மீட்டர்.

"சாயி சுருளி" என்றாள் கிருத்திகா.

"எங்கடி சாய? பின்னால என்ன இருக்கு?"

கிருத்திகா மடியில் இருந்த குழவியைத் தள்ளிவிட்டாள். தும்புக் கயிறு சரசரவென்று ஓடியது. அவள் மேலே போகிற வழியில் உத்தரத்தைக் கையால் எட்டிப் பிடித்து, தலைகீழாகத் தவழ்ந்து வந்து, சாக்குத் தொட்டிலுக்குப் பின்னால் இறங்கி நின்றாள். நின்றாள் என்று சொல்வதும் தப்பு, ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் அப்போது ஒரு கோழி இறகின் எடைகூட இல்லை.

"நான் இருக்கறேன். திரும்பிப் பாக்காத."

எடையே இல்லாத ஒருத்திமேல் எப்படிச் சாய்வது என்று சுருளியம்மாளுக்குத் தெரியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அதை அவள் பிடித்து நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, இருபத்தொரு வருடமாகப் பஸ் சீட்டுக்கும் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் கொடுக்காத முதுகை, முழுசாகப் பின்னால் கொடுத்தாள்.

அங்கே ஒரு தோள் இருந்தது. கோணலாகச் சேர்ந்த எலும்பு அவள் முதுகில் குத்தியது.

தராசு நாற்பத்து நான்குக்கு இறங்கியது. பிறகு இருபது, பிறகு ஏழு. பூச்சியத்தில் வந்து நின்றது. மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மருதாத்தாள் அவசரமில்லாமல் வந்து, மேலே கிளம்பிய சுருளியம்மாளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். போனில் வினோவின் குதிகால் நின்றது. ஏழு பெண்களும் கெண்டைக்கால்வரை மண்ணுக்குள் இறங்கினார்கள். மூன்று நொடி எதுவும் அசையவில்லை. வர்ணனையாளர்கூட வாயை மூடினார். அதற்குப் பிறகு எதிரணி, கயிற்றில் கட்டிய காலி வாளிகள் போல வரிசையாக வந்தது. நான்கு மீட்டர். வடத்தைக் கீழே போட்டதும் எடை திரும்பிவிடும் என்பது எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் சுருளியம்மாளுக்கு அது முதல் அனுபவம். தொப்பென்று விழுந்ததில் எஸ்டேட்டின் புதுத் தராசுக் கொக்கி நிமிர்ந்துவிட்டது. அவளும் கிருத்திகாவும் தரையில் ஒருத்திமேல் ஒருத்தி கிடந்து, கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். பிறகு சுருளியம்மாள் கொஞ்ச நேரம் அழவும் செய்தாள். கிருத்திகா அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டாள்.

எதிரணி வழக்கம்போல மனு கொடுத்தது. நிறுத்தார்கள், நானூற்றுப் பத்தொன்பதரை. பூட்ஸை உதறினார்கள், குழிகளைத் தோண்டினார்கள். குழிகளை மூட மறுநாள் ஒரு டிராக்டர் மண் தேவைப்பட்டது. அன்று மாலையே நடந்த இறுதிப் போட்டியில் எல்லைக் கல்லூரி இரண்டு சுற்றிலும் வென்றது. கிடாயும் குலையும் ஹாஸ்டலுக்குப் போயின. கல்லூரி தன் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் அனுப்பியது. வினோ மூன்றாம் வருடத்துக்குப் போகிறாள். திரும்பும் வழியில் உடுமலை–மூணாறு பஸ்ஸில் சுருளியம்மாள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, சின்னாறிலிருந்து மறையூர்வரை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். குழுவில் அவள் ஒரே ஒரு செய்தி போட்டாள், இனிமேல் யாரும் படம் போட வேண்டாம் என்று. ராமலட்சுமி மட்டும் ஏன் என்று கேட்டாள். அதற்கு அவள் உண்மையைச் சொன்னாள், மூன்று நாள் திட்டும் வாங்கிக்கொண்டாள்.

எட்டாம் நம்பர் காட்டுக்குத் திரும்பிய முதல் நாள், நனைந்த சாக்கையும் காய்ந்த சாக்கையும் எல்லார் முன்னாலும் நிறுத்துப் பார்த்தாள். வித்தியாசம் முக்கால் கிலோ. பொத்தானின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, முக்கால் கிலோ மட்டும் கழித்து வாசித்தாள். பெண்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவள் திடீரென்று நல்லவளாவதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று இரண்டு வாரம் பேசிக்கொண்டார்கள். பீல்டு ஆபீசருக்கும் சந்தேகம் வந்து, மூன்று தடவை தராசைச் சோதித்தார். தராசு சரியாகவே இருந்ததால் அவரால் ஒன்றும் எழுத முடியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று போட்டிகள் நடந்துவிட்டன. மேட்ச் நாளில் எட்டாம் நம்பர் காட்டுப் பெண்கள் பொழுதோடு கிள்ளி முடித்துவிட்டு, சுருளியம்மாளை இரண்டு கொழுந்து மூட்டைக்கு நடுவில் உட்காரவைத்து, படங்குக் கயிற்றால் அவள் இடுப்பைத் தராசுச் சட்டத்தோடு பின்பக்கமாகக் கட்டிவிடுகிறார்கள். இவளைத் திருடி என்று காதுபடப் பேசிய அதே பெண்கள்தான். இடையில் அவள் ஓர் அடி மேலே எழும்பினால் யாராவது ஒருத்தி தோளைப் பிடித்துக் கீழே அமுக்கிவிட்டுத் தன் சாக்கை மாட்டுவாள், சுருளியம்மாள் எடையை வாசிப்பாள், வரிசை நகரும். சாக்குக்கு அடியில் அவள் இப்போது துழாவுவதில்லை. தன்னைக் கட்டிய முடிச்சு இறுகியிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதும் இல்லை.